ஒரு கையில் எத்தனை தொழில்?

பழைய காலத்தை நூல்களிற் படிப்பதோடு நிறைவடையாது, அக்காலத்து மனிதரைப் போல உடுத்தும் உண்டும் உழைத்தும் அதனை அறிய முற்படுவோர் மேற்கு நாடுகளில் பல்லாயிரவர் உளர். இவர்களின் அமைப்புகளுட் பெரியது 'சொசைற்றி ஃபோர் கிரியேற்றிவ் அனாக்ரோனிசம்' என்பது. 1966ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில், ஒரு வீட்டின் பின்வளவில் நடந்த கொண்டாட்டத்தில் இது பிறந்தது. 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உலகம், சிறப்பாக ஐரோப்பா, இவர்களது களம். பிரம்பு வாட்களால் நடைபெறும் போட்டியில் வென்றவர் குறுகிய காலத்துக்கு 'அரசர்' ஆவார்.

இதில் விளையாட்டு உண்டு; ஆயின் விளையாட்டு மட்டுமன்று. துணி நெய்வோர், செருப்புத் தைப்போர், மை காய்ச்சி ஏடெழுதுவோர், இரும்படிப்போர் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பழந்தொழில்களை மீட்டெடுக்கின்றனர். அவர்களுட் சிறந்தோருக்கு 'லாரல்' என்னும் உயர்நிலை வழங்கப்படுகிறது. ஏற்கெனவே அந்நிலையை எய்தியோர் கூடி ஆராய்ந்து கருத்துரைக்க, அரசரும் அரசியும் அதனை அளிப்பர். கைவினைஞரைக் கைவினைஞரே மதிப்பிடும் முறை இது.

இங்கேதான் ஓயாத வழக்கு ஒன்று எழுகிறது. 14ஆம் நூற்றாண்டுக் காலணி ஒன்றையே இருபது ஆண்டுகள் ஆராய்ந்து தைத்தவர் பெரியவரா? நெசவு, சமையல், உலோகவேலை என யாவற்றிலும் தேர்ந்த கையுடையவர் பெரியவரா? ஆழமா, அகலமா?

ஆழத்தின் பக்கம் நிற்போருக்கு வரலாறு வலிய சான்று தருகிறது. பாரிஸ் நகரின் அதிகாரியாயிருந்த எத்தியேன் புவாலோ, 1268ஆம் ஆண்டளவில் அந்நகரத் தொழிற்குழுக்களின் விதிகளைத் தொகுத்தார். அதில் ஏறத்தாழ நூறு தொழில்கள் தனித்தனியே பதிவாகியுள்ளன. செபமாலை மணி செய்வோர் மட்டுமே மூன்று பிரிவினர். எலும்பிலும் கொம்பிலும் செய்தோர் ஒரு குழு. பவளத்திலும் சிப்பியிலும் செய்தோர் வேறொரு குழு. அம்பரில் செய்தோர் இன்னொரு குழு. இத்துணை நுண்ணிய பிரிவு கொண்ட உலகை மீள நிகழ்த்துவோர் பல தொழில் பழகுவது வரலாற்றுக்கே பொருந்தாது என்பது இவர்கள் வாதம்.

அகலத்தை விரும்புவோர், 13ஆம் நூற்றாண்டினரான விலார் த ஒன்கூரைச் சுட்டலாம். அவர் விட்டுச்சென்ற சுவடியின் 33 தோலேடுகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. தேவாலயக் கோபுரம், நீரால் இயங்கும் மரமறுக்கும் பொறி, சிங்கம், மனித உருவங்கள் யாவும் அவற்றில் வரையப்பட்டுள்ளன. ஆனால் அவர் கட்டடக் கலைஞர்தானா என்பதில் அறிஞர் ஒன்றுபடவில்லை. பிறர் செய்தவற்றைக் கூர்ந்து கண்டு குறித்துக்கொண்டவர் என்பது மட்டும் தெளிவு. பலவற்றை அறிதல் வேறு. பலவற்றைச் செய்தல் வேறு.

உண்மையில், இரு தரப்பினரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒருதுறைப் புலமை என்பது தனி மனிதரின் குணமன்று. ஓர் ஊரின் குணம். பாரிஸின் மணி செய்வோன் மணியை மட்டுமே செய்ய முடிந்தது, அவனுக்கு வேண்டிய கருவியைச் செய்யும் கொல்லனும், நூல் முறுக்குவோனும், பண்டத்தை வாங்குவோனும் அருகில் வாழ்ந்தமையால். இன்று நகருக்கொருவராய்ச் சிதறிக் கிடக்கும் மீள்நிகழ்த்துநருக்கு அந்தத் தெரு இல்லை. காலணி தைக்க விரும்புபவர் தோலைப் பற்றியும் அறியவேண்டும், நூலுக்கு மெழுகும் பூசவேண்டும், ஊசியையும் தேடவேண்டும். அவரது பல்துறைத் திறன் பல வேளைகளில் தனிமை தந்த திறன்.

அந்தத் தெருவை மீண்டும் அமைத்தால் என்ன நிகழும் என்பதைப் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள கெடலோன் காட்டுகிறது. அங்கே 1997ஆம் ஆண்டு, காட்டின் நடுவே, கைவிடப்பட்ட கற்குழி ஒன்றில், 13ஆம் நூற்றாண்டு முறைப்படி ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கல் அங்கேயே வெட்டப்படுகிறது; மரம் அக்காட்டுக் கருவாலி; ஓடு அவ்விடத்து மண்ணிற் சுடப்படுகிறது. மனிதர் உள்ளே நடந்து சுழற்றும் பெருஞ்சில்லே பாரந்தூக்கி. கல்லுடைப்போர், கற்கொத்தர், கொல்லர், தச்சர், கயிறு திரிப்போர் எனத் தொழில்கள் மீண்டும் பிரிந்தன. ஆயினும் சுவர்கள் எழுந்து நிற்கவில்லை. மழுங்கிய உளியைக் கொல்லர் தீட்டித் துவைச்சலிடும்போது, அது எந்தக் கல்லிற் படப்போகிறது என்பதை அவர் அறிந்திருக்கவேண்டும். கல்லைச் செதுக்குவது அவர் வேலையன்று. கல்லை அறிவது அவர் வேலை. தன் தொழிலில் ஆழம், அயலான் தொழிலில் அறிவு: மேலே கண்ட வழக்குக்குத் தீர்ப்பு இதுவாகவே இருக்கலாம்.

இது வெறும் பொழுதுபோக்கன்று என்பது பின்னர் புலனாயிற்று. 2019 ஏப்பிரல் 15இல் பாரிஸ் நொத்ர டாம் தேவாலயத்தின் கூரை எரிந்தபோது, கோடரியால் கருவாலியைச் செதுக்கி உத்திரமாக்கும் கைகள் தேவைப்பட்டன. கெடலோனிற் பயின்ற தச்சர்களும் அப்பணியில் இணைந்தனர். 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறந்தது.

புலம்பெயர்ந்த நமக்கு இதில் அயல்நாட்டுச் செய்தி மட்டுமா உண்டு? ஊரில் மணவறை அமைத்தவர் ஒருவர், மாலை கட்டியவர் வேறொருவர், பலகாரம் சுட்டவர் இன்னொருவர். இங்கு ஒரே குடும்பம், வேலை முடிந்த இரவுகளில், மூன்றையும் செய்கிறது. நம் பிள்ளைகள் அதைக் கண்டு, 'அப்பாவுக்கு எல்லாம் தெரியும்' என வியக்கின்றனர். வியப்பு நியாயமானதே. ஆனால் அந்த எல்லாமும் நாம் இழந்த தெருவின் அளவு என்பதையும் அவர்கள் அறியவேண்டும்.

அதனால் நம்மிடையே ஒரு தொழிலை ஆழமாக அறிந்தவர் எஞ்சியிருப்பின், அவரைப் பத்து வேலைகளுக்கு இழுக்காது, அந்த ஒன்றைச் செய்யவும் சொல்லிக்கொடுக்கவும் விடுவோம். மற்ற ஒன்பதையும் பகிர்ந்து சுமக்க ஒன்பது பேர் முன்வந்தால், அங்கே ஒரு தெரு தொடங்கிவிடும்.