ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்

மதுரை விளாங்குடியில் திண்டுக்கல் சாலைப் பக்கம் பல் மருத்துவரிடம் போனால், சீட்டில் ‘46’ என்று எழுதிவிட்டு, “மோலார்ல சொத்தை” என்பார். நமக்கு அது கடவாப் பல்லு. வாயை நாலாகப் பிரித்தால் கீழ்த்தாடையின் வலப்பக்கம் 4. அதில் நடுவிலிருந்து எண்ணினால் 6-ஆவது பல். அதுதான் 46. மோலார் என்பது லத்தீனில் திருகைக் கல்லுக்கு உரிய ‘மோலா’விலிருந்து வந்த பெயர். அரைக்கிற பல்லுக்குப் பொருத்தம்தான்.

குழப்பம் பிள்ளைகள் விஷயத்தில் வருகிறது. 20 பால் பற்களில் 8-க்கு மோலார் என்றே பெயர். அவை 9 வயதிலிருந்து 12-க்குள் விழும். அந்த இடத்தில் முளைப்பதோ மோலார் அல்ல, ‘பிரிமோலார்’. நிலையான முதல் மோலார் அதற்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், 6 வயதையொட்டி முளைக்கிறது. பல் ஆடவில்லை, விழவில்லை என்பதால் புதுப்பல் வந்ததே வீட்டில் தெரிவதில்லை. சொத்தையைப் பார்த்தாலும், “பால் பல்லுதானே, விழுந்து முளைச்சுரும்” என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது.

பல்லின் மேலே இருக்கும் எனாமலில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பிலேயே கடினமானது அதுதான். கீழடியை ஒட்டிய கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த, சுமார் 2,500 ஆண்டுப் பழைய பல்லை மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணு ஆய்வாளர்கள் விரலளவுத் துளைப்பானால் தேய்த்து ஆராய்கிறார்கள். அங்கே எடுத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டுதான் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியான, அக்கால மனிதர்களின் முகங்களை உருவாக்கியது. நம் ஊர் வெக்கையில் மரபணு சீக்கிரம் சிதையும். கெட்டியான பல்லுக்குள் கொஞ்சமாவது தப்ப வழியுண்டு. முதல் மோலாரின் எனாமல் பிறக்கும் சமயத்தில் உருவாகத் தொடங்கி 3 வயதுவாக்கில் முடிந்துவிடும். அந்த வயதில் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வந்த ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் அதில் அப்படியே தங்குவதால், ஒருவர் எந்த மண்ணில் தவழ்ந்தவர் என்பதைக்கூட அதை வைத்துக் கணிக்க முடியும்.

மண்ணுக்குள் இத்தனை காலம் கிடக்கிற எனாமல், வாய்க்குள் தோற்றுப்போகிறது. பல் இடுக்கில் ஒட்டிய பிஸ்கட் மாவைத் தின்னும் பாக்டீரியா அமிலத்தைக் கக்குகிறது. வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், விழுந்த குழி தானாக மூடாது. மோலாரின் மேற்பரப்பிலோ பிரஷ் நுழையாத பள்ளங்கள்.

பிள்ளைக்கு ஆறு வயதானதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ்வரிசையின் கடைசியில் புதிதாக அகலமான பல் தெரிந்தால், பள்ளங்களை மூடும் ‘சீலன்ட்’ பூச்சு தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது.