தீட்டுக்கல் பரிசு: யாருக்கு எது பொருந்தும்?

டெல்லியில் நவராத்திரி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும்வரை யாருக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு ஓயாது. உலர்பழப் பெட்டி, வெள்ளிக்காசு, தந்தேரஸ் அன்று ஒரு பாத்திரம் என்று வழக்கமான பொருள்களே சுற்றிவரும். அந்த வரிசையில் கத்தி தீட்டும் கருவியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. கத்தி இல்லாத வீடு கிடையாது. கூரான கத்தி உள்ள வீடு குறைவு. மழுங்கிய கத்தியில் தக்காளி நசுங்கும், வெங்காயம் கண்ணைக் கூடுதலாக எரிக்கும், கை வலிக்கும். அதைவிட முக்கியம், மழுங்கிய கத்தியைத்தான் நாம் அழுத்திப் பிடிக்கிறோம். அழுத்தும்போது அது வழுக்கிக்கொண்டு விரலுக்குப் போகிறது.

கத்தியையே பரிசாகக் கொடுக்க நம் வீடுகளில் தயக்கம் உண்டு. கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று, கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் இதே நம்பிக்கை இருந்திருக்கிறது. அங்கே கத்தியைப் பெற்றவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்து, அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வார். சாணைக்கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு கொடுத்தால் இன்னும் பொருத்தம். அரிவாள்மனையையும் கத்தியையும் கழுவித் துடைத்துக் குங்குமம் வைக்கும் நாளில் அவை கூராகவும் இருக்கும்.

தெருவில் சாணை பிடிப்பவர்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். டெல்லிக் காலனிகளில் அவர்கள் இன்னும் வருகிறார்கள். கத்தி, கத்தரி தீட்ட வேண்டுமா என்று இந்தியில் குரல் கொடுத்தபடி சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டில் ஏற்றி, பெடலை மிதிப்பார்கள். பெல்ட் வழியாகக் கைப்பிடிக்கு முன்னால் பொருத்திய சாணைச் சக்கரம் சுழலும். 1973இல் வந்த ‘ஜஞ்சீர்’ படத்தில் ஜெயா பாதுரி ஏற்ற மாலா பாத்திரம் இந்தத் தொழில் செய்யும் பெண்தான். அந்தப் படம் அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆர். நடிக்க ‘சிரித்து வாழ வேண்டும்’ என்று தமிழுக்கு வந்தது.

வாய் உடைந்த கத்திக்கும் கத்தரிக்கும் அவர்களே சரியான ஆள். குறிப்பாக, டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள மீரட்டின் கத்தரி இருந்தால் அவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கத்தரி, பழைய இரும்பைக் கொண்டு செய்வது. தாத்தா வாங்கினால் பேரன் வெட்டுவான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. திரும்பத் திரும்பத் தீட்டலாம் என்பதுதான் அதன் பொருள். கத்தரியின் இரண்டு அலகும் ஒன்றோடொன்று உரசும் கோணம் கெடக் கூடாது என்பதால் வீட்டில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

காய்கறிக் கத்திக்கு மட்டும் தெருச் சக்கரத்தை நான் முதலில் சொல்ல மாட்டேன். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறிவிடும். எஃகுக்குக் கடினம் கொடுப்பது பதம். அந்தப் பதம் சூட்டில் இறங்கும். கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் விளிம்பில் நீலம் பூக்கும். நீலம் பூத்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். அந்தக் கூர் சில நாள்கூட நிற்காது. நல்ல கைகாரர் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுப்பார், நடுவில் தண்ணீரில் நனைப்பார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. சக்கரம் தேவைக்கு மேல் உலோகத்தையும் தின்றுவிடுகிறது.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கத்தி எப்படி மழுங்குகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தினமும் பலகையில் படும்போது கத்தியின் வாய் முதலில் ஒரு பக்கம் சாய்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் தேய்ந்து உருண்டையாகிறது. சாய்ந்ததை நிமிர்த்துவது ஒரு வேலை. தேய்ந்ததைச் சுரண்டிப் புது வாய் எடுப்பது வேறு வேலை. கத்தி செட்டோடு வரும் நீண்ட எஃகுக் கம்பி முதல் வேலையைத்தான் செய்யும். மொட்டையாகிப்போன கத்தியை அதில் எத்தனை முறை இழுத்தாலும் பயன் இல்லை. அந்தக் கம்பியை மட்டும் பரிசாகக் கொடுத்தால் பெரும்பாலும் அது அலமாரிக்குள் போய்விடும்.

அடுத்தது, கடைகளில் அதிகம் தொங்கும் ‘வி’ வடிவக் கருவி. இடுக்கில் கத்தியை வைத்து இழுத்தால் போதும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டங்ஸ்டன் கார்பைடு தகடுகள் குறுக்கே நிற்கும். அவை உலோகத்தைச் சீவி எடுப்பவை. கூர் உடனே வரும். வாய் ரம்பம்போலக் கரடாகும், கத்தியும் சீக்கிரம் தேயும். மற்றதில் சிறிய செராமிக் சக்கரங்கள் இருக்கும். அவை மெதுவாக, மென்மையாக உரசும். பல கருவிகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து இடுக்குகளாக இருக்கின்றன. வாங்கிக் கொடுப்பவர் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: கார்பைடு இடுக்கு ஆண்டுக்கு இரண்டொரு முறை போதும், செராமிக் இடுக்கு வாரம் ஒருமுறை. கீழ்நோக்கி அழுத்தக் கூடாது, கத்தியின் எடையே போதும், முன்னும் பின்னும் அறுக்காமல் தன் பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும்.

அடியில் உறிஞ்சு கிண்ணம் வைத்த ‘வி’ கருவிகளும் கிடைக்கின்றன. கிரானைட் மேடையில் பதித்துவிட்டால் அசையாது. கருவியைப் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை என்பதால் அந்தக் கை வாய்க்கு எதிரே போகாது. வயதானவருக்கும் கை நடுக்கம் உள்ளவருக்கும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதை வாங்குங்கள்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கத்திகளைக் கெடுக்காமல் கூராக்குவது அதுதான். கல்லின் மேல் போட்ட எண், மணலின் நுண்மையைச் சொல்வது. எண் கூடக் கூட மணல் நுணுக்கம். 400க்குக் கீழே இருப்பது வாய் உடைந்த கத்திக்கு. 1000 அன்றாடத் தீட்டலுக்கு. 3000, 6000 என்பவை மெருகேற்ற. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கல்லில் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் சற்று நைசாகவும் இருக்கும். கருஞ்சாம்பல் நிறக் கல் பெரும்பாலும் சிலிகான் கார்பைடு. 1891இல் செயற்கை வைரம் செய்யப் பார்த்த எட்வர்ட் அச்சிசன் என்ற அமெரிக்கரின் உலையில் வந்த பொருள் அது. நம் நாட்டில் இதற்குப் பேர்போன நிறுவனங்களில் ஒன்று, 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். டெல்லிக் கடைக்காரர்கள் அதைக் ‘குமி’ என்றே சொல்வார்கள்.

கல்லில் தீட்டத் தெரிய வேண்டியது ஒன்றுதான், கோணம் மாறாமல் பிடிப்பது. ஐரோப்பிய பாணிக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, ஜப்பானியக் கத்திக்கு 15 என்பது பொதுக் கணக்கு. கோணமானி தேவையில்லை. ஒரு தாளின் மூலையை இரண்டு முறை சரிபாதியாக மடித்தால் இருபத்திரண்டரை டிகிரி வரும். அந்த ஆப்பைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே வந்தால் மறுபக்க விளிம்பில் பிசிறு எழும். விரலைக் குறுக்காக வைத்து மெல்லத் தடவினால் தட்டுப்படும். பிசிறு நுனிமுதல் அடிவரை வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பாதியில் திருப்புவதால்தான் பலருக்குக் கல் பலன் தருவதில்லை.

கல்லை நனைக்கச் சமையல் எண்ணெய் வேண்டாம். கடுகெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் சரி, அல்லது தண்ணீர். எண்ணெய் ஊறிய கல்லில் பிறகு தண்ணீர் எடுபடாது என்பதால் எது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

இனி, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். மயூர் விஹாரிலோ ஆர்.கே. புரத்திலோ இருக்கும் மாமி இன்னும் அரிவாள்மனையில் நறுக்குகிறவர் என்றால் ‘வி’ கருவி அவருக்கு அநேகமாகப் பயன்படாது. நிமிர்ந்து வளைந்து நிற்கும் அலகை இடுக்கில் இழுக்க முடியாது. கல்லைத்தான் அலகிடம் கொண்டுபோக வேண்டும். கைக்கு அடக்கமான இருபக்கக் கல், ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி, சாவ்ரி பஜாரில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். விலை குறைவு என்று கூச்சப்பட வேண்டாம், தினமும் பயன்படும் பொருள். அந்த பஜார் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நொய்டாவிலோ குருகிராமிலோ புதுக் குடித்தனம் போட்ட பிள்ளைகளுக்குக் கல் வாங்கிக் கொடுத்தால் அது பெட்டியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களிடம் உள்ள சாதாரண எவர்சில்வர் கத்தியின் கடினம் ராக்வெல் அளவில் 55ஐ ஒட்டியிருக்கும். அதற்குச் செராமிக் இடுக்கு வைத்த கருவியே போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் உருளைக் கருவியைப் பாருங்கள். காந்தம் கத்தியை நிமிர்த்திப் பிடித்துக் கோணத்தைக் காக்கும். வைரத்தூள் பூசிய உருளையைப் பக்கத்தில் உருட்டினால் போதும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து ஹோர்ல் நிறுவனம் பரவலாக்கியது இது. அதே மாதிரியில் மலிவான கருவிகளும் இப்போது விற்கின்றன.

சமையலை ஆசையாகச் செய்கிறவர், ஜப்பானியக் கத்தி வைத்திருப்பவர் என்றால் கதை வேறு. அந்தக் கத்தியின் கடினம் 60க்கு மேல். கடினம் கூடினால் நொறுங்கும் குணமும் கூடும். கார்பைடு இடுக்கில் ஒருமுறை இழுத்தாலே வாய் தெறிக்கலாம். அவருக்கு 1000, 6000 இருபக்க நீர்க்கல்லும், அது நழுவாமல் உட்கார ஒரு ரப்பர் அடிப்பலகையும். ஆயிரங்களில் விலை போகும், ஆனால் அவர் மனம் நிறையும் பரிசு அதுதான். வெள்ளை நிற செராமிக் கத்தி மட்டுமே உள்ள வீட்டுக்கு இவற்றில் எதுவும் உதவாது. அதற்கு வைரத்தகடு வேண்டும். பல் வைத்த ரொட்டிக் கத்தியையும் தட்டையான கல்லில் தீட்டக் கூடாது.

மின்சாரத்தில் ஓடும் கருவியை நான் பரிந்துரைக்கவில்லை. சத்தம், இடம், தேய்மானம் எல்லாமே ஒரு வீட்டுச் சமையலறையின் தேவைக்கு அதிகம்.

விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோவதானால் கம்பியோ கல்லோ எதுவானாலும் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, டெல்லிக்கு இது முக்கியம். இங்கே பல வீடுகளில் காய் நறுக்குவது வீட்டுக்காரர் அல்ல, சமையலுக்கு வரும் பெண். நீங்கள் பரிசு கொடுப்பது வீட்டுக்கு. கத்தி இருப்பது அவர் கையில். வாங்கும் முன் எந்தக் கத்தியைத் தினமும் எடுக்கிறார் என்று அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தீட்டிய அன்று, கத்தி இப்போது கூராக இருக்கிறது, பழைய மாதிரி அழுத்த வேண்டாம் என்று அவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். மொட்டைக் கத்திக்குப் பழகிய கை, கூர் வந்த முதல் வாரத்தில்தான் வெட்டுப்படும்.