50 பார் போதுமா? கடலுக்கடியில் இருவருக்கான காற்றுக் கணக்கு



பிள்ளைகளின் சாகசப் பொழுதுபோக்குகள் பற்றி நம் கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார். "என் மகன் தியோமானுக்கு ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகிறான். தண்ணீருக்குள் காற்று தீர்ந்துவிட்டால் என்னம்மா செய்வான்?" என்று கேட்டார். எனக்கோ நேரம் முடிந்துகொண்டிருந்தது. "கூட்டாளியிடம் வாங்கிச் சுவாசிப்பான், பயப்படாதீர்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் மனத்தை உறுத்தியது. நான் சொன்னது பாதிப் பதில்தான். அந்தக் கூட்டாளியின் தோம்பில் இருவர் மேலே வந்து சேரும் அளவுக்குக் காற்று இருக்குமா என்பதை நான் சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் அதைத்தான் விரிவாகப் பேசினேன். அந்தப் பேச்சே இங்கே கட்டுரையாகிறது.

முதலில் அடிப்படை. நம் நாட்டு முக்குளிப்பு நிலையங்களில் பெரும்பாலும் கொடுக்கப்படுவது 11 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியத் தோம்பு. அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைப்பார்கள். பதினொன்றை இருநூறால் பெருக்கினால் 2,200 லிட்டர். கரையில் நின்று நிதானமாகச் சுவாசிப்பவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது!

ஆனால், கடல் அந்தத் தாராளத்தை அனுமதிப்பதில்லை. தரைமட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் இன்னொரு பார் கூடுகிறது. 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. நுரையீரல் விரிய வேண்டுமானால் ரெகுலேட்டரும் அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே 30 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சு, கரையில் இழுக்கும் நான்கு மூச்சுக்குச் சமம். 20 லிட்டர் அங்கே 80 லிட்டர் ஆகிவிடுகிறது.

இனி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தம்பியும் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்கு முக்குளிக்கச் சென்றோம். படகில் வழிகாட்டி சொன்ன பாதுகாப்பு விளக்கம் ஒரே வரிதான்: "50 பாரோடு படகுக்குத் திரும்புங்கள்." நாங்களும் தலையாட்டினோம். 28 மீட்டரில் ஒரு பாறை இடுக்கில் பெரிய களவா மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி என் தோளைத் தட்டிக் கழுத்தை அறுப்பதுபோல் கையை வீசிக் காட்டினான். காற்று இல்லை! அவன் எப்போதுமே வேகமாக மூச்சு விடுபவன். அழுத்தமானியைப் பார்க்க மறந்துவிட்டான். என்னுடைய முள் 75-இல் நின்றது. மாற்று வாய்க்குழாயை, அதாவது ஆக்டோபஸை, அவனிடம் கொடுத்தேன். கையைக் கோத்துக்கொண்டு ஏறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய பாதுகாப்பு நிறுத்தத்தை ஒரே நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். வேறு வழியில்லை. மேலே வந்து பார்த்தபோது முள் சிவப்புக் கோட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. அன்றிரவு அம்மா கைப்பேசியில் அழைத்தபோது, "நல்லா இருக்கோம்மா" என்று மட்டும்தான் இருவரும் சொன்னோம்.

அந்த 75 பார் ஏன் போதவில்லை என்பதைப் பிறகு ஒரு மூத்த பயிற்றுநர் எனக்குத் தாளில் எழுதிக் காட்டினார். 30 மீட்டரை வைத்துக் கணக்குப் போடுவோம். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று தீர்ந்தவர் பதற்றத்தில் இருப்பார், கொடுப்பவரும் அப்படித்தான். எனவே ஆளுக்கு நிமிடத்துக்கு 20 என்று கணக்கிட்டால் ஏமாந்து போவோம். 30 என்று வையுங்கள். இருவருக்கும் சேர்த்து 60 லிட்டர். ஆழத்திலேயே ஒரு நிமிடம் போய்விடும். ஆக்டோபஸைக் கொடுக்க வேண்டும், அவர் சுவாசிப்பதை உறுதி செய்ய வேண்டும், பிடித்துக்கொள்ள வேண்டும். 4 பார் அழுத்தத்தில் அந்த ஒரு நிமிடத்துக்கு 240 லிட்டர். அடுத்து ஏற்றம். நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார், அது 450 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம், அங்கே அழுத்தம் 1.5 பார், அது 270 லிட்டர். மொத்தம் 960 லிட்டர். 11-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 87. சுருக்கமாக 90 பார் என்று நினைவில் வைக்கலாம்.

தோம்பு பாதியளவு நிறைந்திருப்பதுபோல் தெரியும்போதே கிளம்ப வேண்டும் என்கிறது கணக்கு. முதன்முதலில் பார்த்தபோது நானே நம்பவில்லை. அதுவும் எல்லாமே ஒழுங்காக நடந்தால்தான் இந்த 90. ஆழத்தில் தடுமாறிக் கூடுதலாக ஒரு நிமிடம் போனால், இன்னும் 22 பார் கரைந்துவிடும்.

அப்படியென்றால் "50 பார்" என்பது பொய்யா? பொய் இல்லை. அதே கணக்கை 12 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள், 47 பார் வரும். அங்கே 50 சரியான எண்தான். 18 மீட்டருக்கு 60 வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் பொருந்தும் ஓர் எண்ணை எல்லா ஆழத்துக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. இன்னொரு கோளாறும் உண்டு. "50 பாரோடு படகுக்கு வா" என்றால், எந்த எண்ணில் அடியிலிருந்து கிளம்புவது என்று அந்த வாக்கியம் சொல்வதே இல்லை.

சிப்பாடான் போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2002-இல் அனைத்துலக நீதிமன்றத் தீர்ப்பால் நமக்கு உறுதியான அந்தத் தீவு, சுமார் 600 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எழும்பி நிற்பது. கரையிலிருந்து சற்றுத் தள்ளியதுமே பவளச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. தண்ணீர் தெளிவாக இருப்பதால், ஆமையைப் பின்தொடர்ந்து 20 மீட்டரிலிருந்து 30-க்கு இறங்கியதே பலருக்குத் தெரியாது. ஆமைக்குக் கணக்கு வேண்டாம், நமக்கு வேண்டும்!

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1943-இல் கூஸ்தோவும் கன்யானும் பிரான்சில் நீருக்கடிச் சுவாசக் கருவியை உருவாக்கிய பிறகு, நெடுங்காலம் முக்குளிப்பவர்களிடம் அழுத்தமானியே இல்லை. தோம்பில் ஒரு விசை இருக்கும். காற்று குறைந்ததும் சுவாசிக்கக் கடினமாகும். அப்போது கம்பியை இழுத்தால் ஒதுக்கி வைத்த கடைசிக் காற்று திறந்துகொள்ளும். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் குழாயை 'ரிசர்வ்' பக்கம் திருப்புவோமே, அதே தந்திரம். அழுத்தமானி பரவியதும் அந்த விசை வழக்கொழிந்தது. ஒதுக்கி வைக்கும் வேலை கருவியிடமிருந்து நம் தலைக்கு மாறிவிட்டது. தலை மறந்தால் நினைவூட்ட ஆளில்லை.

அதன் விளைவைப் புள்ளிவிவரத்திலும் காணலாம். முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். விபத்தைத் தொடக்கிவைத்த காரணம் தெரிந்த சம்பவங்களில் 41 விழுக்காட்டில் அது காற்றுப் பற்றாக்குறைதான். சுறா என்று நினைத்துப் பயப்படும் பெற்றோர்கள் இந்த எண்ணைக் கவனிக்கவும்.

நிகழ்ச்சியில் ஓர் இளைஞர் நியாயமான ஆட்சேபம் எழுப்பினார். "90 பாரிலேயே கிளம்பினால், கொடுத்த காசு வீணாகாதா?" என்றார். வீணாகாது. 90 என்பது 30 மீட்டரை விட்டு நகர வேண்டிய எல்லை. அதோடு முக்குளிப்பு முடிந்துவிடுவதில்லை. 15 மீட்டருக்கு ஏறிவிட்டால் தேவை 55 பாருக்கு இறங்கிவிடும். மிச்சக் காற்றை அங்கே நிதானமாகச் செலவழிக்கலாம். பவளமும் வண்ண மீன்களும் வெளிச்சமும் அங்கேதானே அதிகம்! மேலும், 200-இல் 90 போக மிஞ்சும் 110 பார், 30 மீட்டரில் சாதாரணச் சுவாசத்துக்குப் பதினைந்து நிமிடம் மட்டுமே. பலரும் கற்ற பாடி அட்டவணையில் அந்த ஆழத்துக்கு அனுமதி 20 நிமிடம். அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், அது முடியும் முன்பே கூட்டாளியின் காற்றில் கைவைத்திருப்பார்.

சிறு தோம்பு ஒன்றைத் தனியாகக் கொண்டுபோகலாமே என்று இன்னொருவர் கேட்டார். நல்ல யோசனைதான், அளவைப் பார்த்து வாங்கினால். 3 லிட்டர் தோம்பில் 200 பார் அடைத்தால் 600 லிட்டர். 30 மீட்டரிலிருந்து ஒருவர் ஏற 480 லிட்டர் போதும். ஆனால், கைக்கு அடக்கமாக விற்கப்படும் 85 லிட்டர் குப்பி அந்த ஆழத்தில் பதற்றத்தோடு சுவாசிப்பவருக்கு முக்கால் நிமிடம்கூடத் தாங்காது. என் கருத்தில் அது நீச்சல் குளத்துக்கு ஏற்றது.

உங்கள் சொந்தச் செலவையும் அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டரில் பத்து நிமிடம் நிதானமாக நீந்துங்கள். முள் 36 பார் இறங்கியது என்றால், அதை 11-ஆல் பெருக்கி, 10 நிமிடத்தால் வகுத்து, அங்குள்ள 2 பார் அழுத்தத்தாலும் வகுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வரும். என் தம்பிக்கு 27 வந்தது! தோம்பின் அளவு மாறினாலும் எண் மாறும் என்பதை மறக்க வேண்டாம். அதே 960 லிட்டருக்கு 12 லிட்டர் தோம்பில் 80 பார், 10 லிட்டரில் 96.

இப்போதெல்லாம் படகில் நாங்கள் இருவரும் அன்றைய ஆழத்தையும் கிளம்ப வேண்டிய எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம். யாருடைய முள் முதலில் அந்த எண்ணைத் தொடுகிறதோ, அவர் கட்டைவிரலை உயர்த்துவார். மற்றவர் எதுவும் கேட்கக்கூடாது. பெர்ஹெந்தியானில் கடைசியாக முக்குளித்தபோது அவன்தான் முதலில் விரலை உயர்த்தினான். எனக்கு இன்னும் 120 இருந்தது. கிளம்பிவிட்டோம்.

அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகன் மெர்சிங் படகுத்துறைக்குக் கிளம்பும் முன், "30 மீட்டரில் எத்தனை பாருக்கு நீயும் உன் கூட்டாளியும் மேலே ஏறுவீர்கள்?" என்று கேளுங்கள் அம்மா. "50" என்று சொன்னால், இந்தப் பக்கத்தை வெட்டி அவன் பையில் வைத்துவிடுங்கள்.