கலப்பினக் கோழியும் இறகின் நிறமும்

தரங்கம்பாடியைச் சூழ்ந்த ஊர்களில், களத்துக் கருக்காயையும் சிந்திய நெல்லையும் பொறுக்கித் தின்று வளரும் கோழிகள் குடும்பத்தின் கைச்செலவுக்கு உதவுகின்றன. முட்டை பெருக வேண்டி வெள்ளை லெகார்ன் சேவலை நாட்டுப் பெட்டைகளுடன் சேர்ப்போர், குஞ்சுகளின் நிறத்தைக் கண்டு ஐயுறுவதுண்டு. அவ்வையத்தால் நல்ல கோழி சந்தைக்குப் போவதும், ஆகாத கோழி வீட்டில் தங்குவதும் நேர்கின்றன. ஆகையால் நிறம் எவ்வாறு வழிவழியாக இறங்குகிறது என்பதை நாம் அறிந்துகொள்ளல் நலம்.

பெரும்பாலான பண்புகளுக்குக் குஞ்சு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு கூறுகளைப் பெறுகிறது. இவற்றையே மரபணுக்கள் என்கிறோம். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்டு 1866-இல் வெளியிட்ட விதி கோழிகளுக்கும் பொருந்தும் என்பதை இங்கிலாந்து அறிஞர் பேட்சன் 1902-இல் காட்டினார்.

வெள்ளை லெகார்னின் வெண்மை பிற நிறங்களை மறைக்கும் ஆற்றலுடையது. எனவே, அச்சேவலைக் கறுப்பு நாட்டுப் பெட்டையுடன் சேர்த்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாம் வெள்ளையாகவே இருக்கும். அங்கங்கே கரும்புள்ளிகள் தோன்றலாம். இக்கலப்புக் கோழிகளைத் தம்முள் இணைத்தால், மறைந்திருந்த நிறம் வெளிப்பட்டு, நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் நிறமுடையனவாகும். கலப்புச் சேவலை நாட்டுப் பெட்டையுடன் இணைத்தால் பாதி வெள்ளை, பாதி நிறம். பத்துக் குஞ்சுகளில் இக்கணக்குப் பிசகலாம், நூறில் தெளிவாகும். ஆதலால், இரண்டாம் தலைமுறையில் கரிய குஞ்சு பொரித்தால், சேவலைக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டுதல் தவறு.

நிறத்தால் வேறொரு பயனும் உண்டு. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, வரியிறகுடைய பிளிமத் ராக் பெட்டையுடன் சேர்த்தால், பொரித்த அன்றே ஆண் குஞ்சுகளின் தலையில் வெண்பொட்டு காணும். பெண் குஞ்சுகளுக்கு அது இராது. வரியைத் தரும் மரபணுவைப் பெட்டை தன் ஆண் மக்களுக்கு மட்டுமே அளிப்பதே காரணம். சேவலையும் பெட்டையையும் இனம் மாற்றி இணைத்தால் இவ்வேற்றுமை கிட்டாது.

ஆனால், முட்டை இடும் திறன் இறகின் நிறத்தைச் சார்ந்ததன்று. அது பல மரபணுக்களின் கூட்டுப் பயன். வெள்ளைக் குஞ்சு எல்லாம் லெகார்னைப் போல் முட்டையிடும் என்பதற்கில்லை. வண்ணக் கோழி எல்லாம் நாட்டுக் கோழியும் அன்று. ஐதராபாத்தில் உருவான வனராஜா வண்ண இறகுடைய வளர்ப்பினமே. சந்தையில் நிறத்தை மட்டும் நம்பி மிகுந்த விலை கொடுத்தலாகாது.

நாம் செய்யத்தக்கவை சில. பெட்டைகளின் காலில் வளையமிட்டு, முட்டைகளை ஏட்டில் குறித்து, அக்கணக்கைக் கொண்டே கோழிகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். முதல் தலைமுறையின் வீரியம் பின்னர்க் குறைவதால், கலப்புச் சேவலை விருத்திக்கு வைக்காமல் தூய இனச் சேவலையே வைத்தல் நன்று. கலப்புப் பெட்டைகள் அடைகாப்பதில் நாட்டமின்றி இருக்கக்கூடும். எனவே ஒன்றிரண்டு நாட்டுப் பெட்டைகளைக் கைவிடலாகாது. ஒரே சேவல் தன் மக்களுடனேயே கூடாதவாறு ஊருக்கு ஊர் சேவல்களை மாற்றிக்கொள்ள ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். இறகு கண்ணுக்கு அழகு. வீட்டுக்கு வருவாய் தருவது முட்டைக் கணக்கே.