சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்



எங்களைப் பார்க்க வரும் சபையார் பலர், "சிஸ்டர், ஆஸ்பத்திரிக்கு என்ன கருவி வாங்கிக் கொடுக்கலாம்?" என்று அன்போடு கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனாலும் இந்த முறை எந்தக் கருவியைப் பற்றியும் எழுதப் போவதில்லை. எங்கள் மருந்து அலமாரியில் மிகவும் விலை குறைந்த மூன்று பொருட்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்: ஒரு பாட்டில் சலைன், ஒரு குப்பி இன்சுலின், விரல் நீளம்கூட இல்லாத ஒரு பொட்டாசியம் ஆம்பூல். நர்சிங் மாணவிகளுக்கு மருந்தியல் பாடம் எடுக்கும்போது நான் அதிக நாட்கள் தங்குவது இந்த மூன்றிடத்தில்தான். சரியான வரிசையில் கொடுத்தால் உயிரைக் காக்கும். வரிசை மாறினால் அதே மூன்றும் உயிரை எடுத்துவிடும்.

ஒரு மழைக்கால இரவில் பத்து மணியளவில் ஒரு கல்லூரி மாணவியை அவளுடைய தகப்பனார் வேனில் கொண்டுவந்தார். இரண்டு நாளாய் வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வீட்டில் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். அவள் படுத்தபடியே, வெகுதூரம் ஓடி வந்தவளைப் போல ஆழமாய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நாக்கு காய்ந்து போயிருந்தது. அருகில் குனிந்தபோது, அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை வந்தது. இந்த வாசனையை ஒருமுறை அறிந்த நர்ஸ் மறக்கமாட்டாள். குளுக்கோமீட்டர் எண்ணைக் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்கு மேலே என்பதற்கு அடையாளமாக 'ஹை' என்று மட்டும் காட்டியது.

அவள் பன்னிரண்டாம் வயதிலிருந்தே இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். "ஒரு வேளைகூட விடலை சிஸ்டர். நானே பக்கத்துல இருந்து பார்க்கிறேன்" என்று தகப்பனார் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரீரத்தில் இன்சுலின் போதாமல் போனால், இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்களுக்குள் போக வழியில்லை. பட்டினி கிடக்கும் சரீரம் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்பொழுது கீட்டோன் என்னும் அமிலப் பொருட்கள் இரத்தத்தில் சேருகின்றன. அந்தப் பழ வாசனையும் ஆழ்ந்த மூச்சும் இவற்றால் வருகிறவைதான். மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் உப்புகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. 42 கிலோ எடையுள்ள அந்தப் பெண் இவ்விதம் நான்கு லிட்டர் வரை நீரை இழந்திருக்கக்கூடும்.

ஆகையால் முதல் மருந்து தண்ணீர்தான். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்புள்ள சாதாரண சலைன். வயது வந்தவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லி. அவளுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர். (சிறு பிள்ளைகளுக்கு இதே வேகத்தில் ஏற்றமாட்டோம். அவர்களுக்கு மூளை வீங்கும் ஆபத்து உண்டு.) சலைன் மட்டும் ஏறினாலே சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் திரும்பி, சர்க்கரை சற்று இறங்கத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் என் மாணவிகள் எல்லோரும் அவசரப்படுவார்கள். சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்கிறதே, உடனே இன்சுலின் போடவேண்டாமா? தகப்பனாரும் அதையேதான் கேட்டார். "இன்னும் ஊசி போடலையா?" என்று வாசலில் நின்று அழுதார். லேபிலிருந்து ஒரு எண் வரும்வரை இன்சுலின் காத்திருக்கவேண்டும் என்று அவருக்கு விளக்குவது எங்களுக்கு எளிதாய் இல்லை.

அந்த எண் பொட்டாசியம். நம் சரீரத்தின் பொட்டாசியம் அனேகமாய் முழுவதும் செல்களுக்குள்ளே இருக்கிறது. இரத்தத்தில் இருப்பது மிகச் சொற்பம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலண்ட். (உப்புகளை அளப்பதற்கான கணக்கு இது.) இருதயம் ஒழுங்காய்த் துடிப்பது இந்தச் சொற்ப அளவைப் பொறுத்திருக்கிறது. மிகவும் குறைந்தாலும் துடிப்பு தாறுமாறாகும், மிகவும் கூடினாலும் நின்றுபோகும். இன்சுலின் செல்லின் கதவைத் திறக்கும்போது சர்க்கரை மட்டுமல்ல, பொட்டாசியமும் கூடவே உள்ளே போய்விடுகிறது. இந்த நோயாளிகளில் பலருக்குப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாகவோ கூடுதலாகவோகூடத் தெரியும். ஆனாலும் சரீரம் முழுவதையும் கணக்கிட்டால் இழப்பு பெரிது. முதலிலேயே குறைவாய் இருக்கிறவருக்கு அவசரமாய் இன்சுலின் கொடுத்தால், சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும்போதே இருதயம் நின்றுபோகலாம்.

அவளுக்கு வந்த எண் 3.1. ஆகையால் இன்சுலின் இல்லை, முதலில் பொட்டாசியம். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: சிறுநீர் வருகிறதா? வராவிட்டால் கொடுத்த பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும். வந்தது. அளந்து எழுதிக்கொண்டோம்.

இந்தப் பொட்டாசியம் ஆம்பூலைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். 10 மில்லி ஆம்பூலில் ஒன்றரை கிராம் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 20 மில்லி ஈக்விவலண்ட். பார்ப்பதற்கு ஊசிமருந்து கலக்கும் சுத்தநீர் ஆம்பூலைப் போலவே நிறமற்றிருக்கும். அதை அப்படியே சிரிஞ்சில் எடுத்து இரத்தக்குழாயில் செலுத்தினால் மரணம்தான். திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது. அடர்த்தியான பொட்டாசியத்தை வார்டு அலமாரிகளிலிருந்து எடுத்து வேறாக வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஆலோசனை கூறியது. எங்களிடம் அது தனிப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். எடுக்கும்போது இரண்டு பேர் பெயரைச் சத்தமாய் வாசிக்கவேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒருத்திக்குத் தவறுவது மற்றவளுக்குத் தெரியும். இரவு டியூட்டிக்கு ஒரு வார்டில் ஏன் இரண்டு நர்ஸ்கள் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

பாட்டிலில் கலப்பதிலும் ஒரு கவனம் உண்டு. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் பொட்டாசியத்தைச் சேர்க்கக்கூடாது. அது சலைனைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கிவிடும். குழாயும் அடியில்தானே இருக்கிறது! முதல் சில நிமிஷங்களில் அடர்ந்த மருந்தே நோயாளிக்குள் இறங்கும். பாட்டிலைக் கீழே இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாய்க் கவிழ்த்துக் கலக்கிய பிறகே மாட்டவேண்டும். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலண்டுக்கு மேல் போகக்கூடாது. மானிட்டர் பொருத்தி ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் 20 வரை போகலாம். அவளுக்கு மானிட்டர் பொருத்தி, அரை லிட்டருக்கு ஒரு ஆம்பூல் வீதம் ஏற்றினோம். கையில் எரிச்சல் என்று முனகினாள். ஊசி குத்திய இடத்தைப் பார்த்தபடியே ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நள்ளிரவுக்குப் பிறகு இரண்டாம் முறை பார்த்தபோது 3.6. அப்பொழுதுதான் இன்சுலினைத் தொடங்கினோம். 50 யூனிட் இன்சுலினை 50 மில்லி சலைனில் கலந்தால் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட், கணக்கு தவறாது. கிலோவுக்கு 0.1 யூனிட் வீதம், மணிக்கு நான்கு யூனிட்டைச் சிறு பம்பு மூலம் செலுத்தினோம். இன்சுலினுக்கு ஒரு வினோத குணம் உண்டு: பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் அது ஒட்டிக்கொள்ளும். ஆகையால் தொடங்குமுன் கொஞ்சம் கலவையைக் குழாய் வழியே ஓடவிட்டுக் கொட்டிவிடுவோம். வீணாக்குகிறோம் என்று எண்ணவேண்டாம். அப்படிச் செய்யாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் நோயாளிக்கு மருந்து சரிவரப் போய்ச் சேராது.

அதன் பிறகு விடியும்வரை ஒரே வேலை. மணிக்கொரு முறை விரல்நுனியில் இரத்தச் சொட்டு, சில மணிக்கொரு முறை பொட்டாசியம், எல்லா நேரமும் சிறுநீர்க் கணக்கு. விடியற்காலையில் சர்க்கரை 250-க்குக் கீழே வந்ததும் குளுக்கோஸ் பாட்டிலையும் மாட்டினோம். தகப்பனார் பதறிவிட்டார். "சர்க்கரை வியாதிக்காரிக்குக் குளுக்கோஸா?" எல்லா உறவினரும் கேட்கும் கேள்வி இது. அமிலம் இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்க இன்சுலின் தொடரவேண்டும். இன்சுலின் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ஆகையால் இரண்டும் சேர்ந்தே ஓடவேண்டும் என்று விளக்கினோம். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, மகளின் மூச்சு அடங்கியிருந்தது அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் அவர் பையிலிருந்து அவளுடைய இன்சுலின் குப்பியையும் சிரிஞ்சுகளையும் எடுத்துக் காட்டினார். சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம்.

நம் நாட்டில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் அது ஐந்தில் ஒரு மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் கிடைப்பது 8 யூனிட்தான். பத்து நாளைக்கு முன் வழக்கமான சிரிஞ்சு கடையில் தீர்ந்துபோயிருந்தது. எல்லாம் இன்சுலின் சிரிஞ்சுதான் என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கோடும் மாறவில்லை, வேளையும் தவறவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் மருந்தில் பாதிக்கும் குறைவாகவே பெற்றுக்கொண்டிருந்தாள். தலைகீழாய்த் தவறினால் அது இன்னும் ஆபத்து: 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும்.

1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்தில் லெனார்டு தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் கொடுத்தார்கள். சாகக் கிடந்தவன் 1935 வரை உயிரோடிருந்தான். நூறாண்டுகள் கடந்தும், அந்த அருமருந்து ஒரு மூடியின் நிறத்தில் தோற்றுப்போகக் கூடும் என்பதை எண்ணினால் எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது.

நன்றாய்ச் சாப்பிடத் தொடங்கியதும், தோலுக்கடியில் போடும் இன்சுலினைக் கொடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தே பம்பை நிறுத்தினோம். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறு பானை வைத்துக் குப்பியைக் காப்பது எப்படி என்று தகப்பனாருக்குக் காட்டினோம். வாந்தி வந்தாலும், சாப்பிடாவிட்டாலும், இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது என்பதை அவள் வாயாலேயே மூன்றுமுறை சொல்லச் சொன்னோம்.

வீட்டுக்குப் போகும் நாளில் அவர் சிவப்பு மூடி சிரிஞ்சுகளை வாங்கிவந்து என்னிடம் ஒவ்வொன்றாய்க் காட்டினார். மீதியிருந்த ஆரஞ்சு சிரிஞ்சுகளை என்ன செய்வது என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன். இப்பொழுது அவை என் வகுப்பு மேஜையில் இருக்கின்றன. முதலாண்டு மாணவிகள் மை கலந்த தண்ணீரை இரண்டு வகைச் சிரிஞ்சிலும் 20 கோடு வரை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.