மூச்சு விட்டால் நகரும் காடு

ஹெட்செட்டை மாட்டியதும் கண்முன் விரியும் மெய்நிகர் உலகில் எதுவும் தானாக முளைத்ததில்லை. ஒருவர் வரைந்தால்தான் அங்கே மரம் உண்டு. சுவரில் முட்டினால் நிற்க வேண்டும் என்பதைக்கூட யாராவது முடிவெடுத்து நிரலில் எழுதியாக வேண்டும்.

இந்த உலகை நிஜம்போல் காட்டும் அடிப்படை உத்தி பழையது. இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மூளை அவற்றைச் சேர்த்து ஆழத்தை உணரும் என்று இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டோன் 1838இலேயே விளக்கிவிட்டார். கணினி வந்தபின், தலை திரும்பும் திசைக்கேற்பப் படத்தையும் உடனுக்குடன் வரைய முடிந்தது. 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் காட்டிய, தலையில் மாட்டும் கருவி கூரையிலிருந்து தொங்கியது. அதில் தெரிந்தவை வெறும் கோட்டு வடிவங்கள். படம் கொஞ்சம் பிந்தினாலும் கண் சொல்வதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் முரண்பட்டுத் தலை சுற்றும். இன்றைய கருவிகளுக்கும் இது பொருந்தும்.

சரி, உள்ளே போனபின் எப்படி நகர்வது? வடிவமைத்தவரின் மனம் இங்கேதான் தெரிகிறது. பெரும்பாலோர் அந்த வேலையைக் கைக்கே கொடுத்தார்கள். கனடாவின் ஷார் டேவிஸுக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஓவியர்; மூச்சுக் கருவியுடன் கடலுக்கடியில் மூழ்கி நீந்தும் பழக்கமும் உண்டு. நீருக்குள் மூச்சை நிறைய இழுத்தால் உடம்பு மெல்ல மேலெழும், விட்டால் தாழும். அதையே தாம் படைத்த உலகின் விதியாக்கினார்.

‘ஆஸ்மோஸ்’ என்ற அந்தப் படைப்பு 1995இல் மான்ட்ரியல் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. பார்வையாளர் அணிந்த உடுப்பு, மார்பு விரிந்து சுருங்குவதை அளந்தது. மூச்சை இழுத்தால் மேலே மிதக்கலாம், விட்டால் இறங்கலாம், உடம்பைச் சாய்த்தால் திசை மாறலாம். முதலில் தெரிவது வெறும் கட்டக்கோடுகள். சில மூச்சுகளில் அவை கரைந்து காட்டுவெளி வரும். ஒரு பெரிய மரம், குளம், மண்ணுக்கு அடியில் வேர்கள். எல்லாம் ஒளி ஊடுருவும் வடிவங்கள் என்பதால் இலைக்குள்ளேயே புகுந்துவிடலாம்! இன்னும் கீழே இறங்கினால், அந்த உலகை இயக்கும் நிரலின் வரிகளே கண்ணுக்குத் தெரியும். இது மனிதர் கட்டிய இடம் என்பதை மறைக்காத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. சுமார் 15 நிமிடத்தில் எல்லாம் மெல்ல விலகிப் போகும். வெளியே வந்தவர்களில் சிலர் கண்கலங்கினார்கள்.

இன்றைய ஹெட்செட்டுகளில் படம் பன்மடங்கு துல்லியம், விலையும் குறைவு. நகர்வதற்கு மட்டும் பெரும்பாலும் கையில் பிடிக்கும் விசைகள்தான். மெய்நிகர் உலகங்களைக் கட்ட வரும் நம் இளைஞர்கள் ‘ஆஸ்மோஸ்’ பற்றித் தேடிப் படிக்க வேண்டும்; காட்சியை வரையும் முன்பே, உள்ளே வருபவரின் உடம்புக்கு அங்கே என்ன வேலை என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.