உங்களுக்குத் தெரியுமா? கம்பு வேர் ஆளனுப்பி இரும்பை அழைத்து வரும்!

எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுண்ணாம்பும் காரத்தன்மையும் அதைக் கரைய விடுவதில்லை. கம்பு, சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. வேரிலிருந்து மியூகினிக் அமில வகைச் சேர்மங்களை மண்ணுக்குள் அனுப்புகின்றன. அவை இரும்பைக் கவ்வ, வேர் இரண்டையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது!

● 1976-இல் ஜப்பானிய விஞ்ஞானி தகாகி, ஓட்ஸ், நெல் வேர்கள் வெளியிடும் இச்சேர்மங்களைப் பற்றி அறிவித்தார். பார்லி வேர் இவற்றைச் சூரியன் உதித்த சில மணி நேரத்தில்தான் அதிகம் சுரக்கிறது.

● உள்ளே வந்த இரும்பு தனியாகப் பயணிப்பதில்லை. வேரிலிருந்து இலைக்குச் சிட்ரேட்டுடன் ஏறுகிறது. விதைக்குப் போகும் வழியில் நிக்கோடியானமைன் என்ற சேர்மம் துணை.

● மியூகினிக் அமிலச் சேர்மங்கள் கவ்விய இரும்பை வேர்ச் செல்லுக்குள் விடும் வாயில் புரதங்களும், சிறு பெப்டைடுகளை (குட்டிப் புரதத் துண்டுகளை) கடத்தும் புரதங்களும் ஒரே குடும்பம்.

● 'இரும்பு போதவில்லை' என்ற சேதிக்கும் பெப்டைடுகள் உண்டு. கடுகுக் குடும்பச் செடியொன்றில் இவற்றைத் தைவான் ஆய்வாளர்கள் 2018-இல் விவரித்தனர். இலையில் உருவானாலும் இவை வேரின் உறிஞ்சலைத் தூண்டுகின்றன.

● இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'தனசக்தி' கம்பில் கிலோவுக்குச் சுமார் 71 மி.கி. இரும்பு.

விவசாயிகள் கவனத்துக்கு: புல்லினமல்லாத உளுந்துக்குக் கம்பின் இந்த வழி இல்லை. அதன் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாட்டின் அடையாளம். கரிசலில் மண்ணில் இடுவதைவிட இலைவழித் தெளிப்பே விரைவில் பலன் தரும். அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டுத் தெளியுங்கள்.